மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் புண் ஆற்றும் ஆய்வுக்குப் போகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறுதான். மருத்துவ பீடத்துக்கு மட்டும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. நீங்கள் மூன்றாம் முறையும் பரீட்சை எழுதச் சொல்கிறீர்கள். அவளோ அம்மம்மாவின் காலில் மாதக்கணக்காக ஆறாத சீனிப் புண்ணை (நீரிழிவுப் புண்) பார்த்துவிட்டு, அதற்குப் போடும் ஹைட்ரோஜெல் என்ற ஈரமான ஜெல்லைச் செய்யப் படிக்கப்போகிறேன் என்கிறாள். பிள்ளையை விடுங்கள் அம்மா. அவள் பிடித்திருப்பது நல்ல துறை.

சீனி வருத்தம் முற்றினால் பாத நரம்பு மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் சின்னக் காயமே பெரும் புண்ணாகிவிடும். கோஸ் துணி காய்ந்து ஒட்டிக்கொண்டால், அடுத்த முறை கழற்றும்போது புதிதாக வளர்ந்த மெல்லிய தோலும் உரிந்து வரும். அம்மம்மாவுக்கு மருந்து கட்டும்போது நீங்களே கண்டிருப்பீர்கள். ஈரம் காயாமல் மூடிய காயத்தில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடுகிறது என்று 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வில் காட்டினார். ஹைட்ரோஜெல்லின் வேலையும் அதுதான். அது தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பல்பகுதிய (polymer) வலை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பின்னிய வலை. சிலவற்றின் எடையில் 90 சதவீதம் வரை தண்ணீரே. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளிலும் இதைச் செய்யலாம். புத்தளம், சிலாபம் பக்கம் இறால் பண்ணைகள் இருக்கிற நாட்டில் இது யோசிக்க வேண்டிய விடயம். கிருமிகொல்லி மருந்தை ஜெல்லுக்குள் வைத்து, புண்ணில் மெல்ல மெல்லக் கசியவிடும் ஆய்வுகளும் நடக்கின்றன.

ஆனால் ஜெல் மட்டும் பூசிப் புண் ஆறாது. சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பாதத்தில் பாரம் படக்கூடாது, செத்த சதையை அகற்ற வேண்டும். நீர் அதிகம் வடியும் புண்ணில் ஜெல் போட்டால் ஓரத் தோல் வெளுத்து ஊறிப்போகும். இதையெல்லாம் மகள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். அம்மம்மாவைக் கிளினிக்குக்கு அவளே கூட்டிப் போகட்டும். மருந்து கட்டும் தாதியிடம் பேசட்டும். அதற்குச் சிங்களமும் வேண்டும்.

இனிப் படிப்பு. உயிரியல் பிரிவில் படித்தவளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கதவு திறக்காது, அதற்கு இணைந்த கணிதம் வேண்டும். கவலைப்படாதீர்கள், இந்தத் துறைக்கு அடிப்படை இரசாயனவியல். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரச அனுமதி கிடைக்காவிட்டால் ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகம் நடத்தும் பட்டதாரிப் பாடநெறி இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனாலும் நல்ல பெயர் பெற்றது. "நானோ" என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த தனியார் பட்டங்களுக்கு, பாடத்திட்டத்தைப் பார்க்காமல் காசு கட்டிவிடாதீர்கள்.

வேலை? ஹைட்ரோஜெல் ஆய்வாளர் என்று பத்திரிகையில் விளம்பரம் வராது. ஆய்வுக்கு முதுமாணி, கலாநிதிப் பட்டம் தேவைப்படும். பலர் அதற்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேடிப் போகிறார்கள். இடையில் கைகொடுப்பது பல்பகுதிய அறிவு. கையுறை செய்யும் இறப்பர் தொழிற்சாலைகளுக்கும், மருந்துக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாட்டுக்கும் அது தெரிந்தவர்கள் வேண்டும்.

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். விஞ்ஞானப் பட்டம் ஆங்கிலத்தில்தான். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இருக்கும் மாதங்களை இன்னொரு ரியூசனுக்குக் கொடுக்காமல் ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை நிரப்ப முன், அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் ஒருமுறை வாருங்கள்.