பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் தேடாதீர்கள்

கேள்வி: எங்கள் டிடிபி கடையில் ஜீஃபோர்ஸ் ஜிடி 610 கார்டு போட்ட பழைய கணினி இருக்கிறது. விண்டோஸ் 10 தானாக அப்டேட் ஆனதிலிருந்து, வேலை நடுவே திரை கறுத்துப் போய்த் திரும்புகிறது. ‘டிஸ்ப்ளே டிரைவர் ஸ்டாப்டு ரெஸ்பாண்டிங்’ என்று செய்தி வருகிறது. சில நாள் எழுத்தெல்லாம் பெரிதாகி, திரையின் ரெசல்யூஷன் 1024 x 768-இலேயே நின்றுவிடுகிறது. கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் ஒரு சோதனை. கணினியைப் போட்டதும், விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ஐந்து நிமிடம் திரையைப் பாருங்கள். உங்கள் கார்டின் சிப்பைத் தயாரித்த என்விடியாவின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இன்னும் ஏறாத நேரம் அது. அங்கேயே கோடுகளும் புள்ளிகளும் வந்தால் கோளாறு கார்டிலோ கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. டிரைவரைத் தொட வேண்டாம். அங்கேயும், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடிலும் திரை சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் டிரைவர்தான்.

நீங்கள் பார்க்கும் செய்திக்குக் காரணம் இதுதான்: கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் பதில் தரவில்லை என்றால், விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி ஓட விடுகிறது. அந்த இடைவெளியில்தான் திரை கறுக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில் இந்த 2 நொடியைக் கூட்டச் சொல்வார்கள். முதல் வைத்தியமாக அதைச் செய்யாதீர்கள்; நோய் அப்படியே இருக்கும், செய்தி மட்டும் மறையும். 1024 x 768-இல் நிற்பதற்கு, என்விடியா டிரைவர் ஏறாமல் மைக்ரோசாஃப்டின் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பொது டிரைவர் ஓடுவதே வழக்கமான காரணம்.

ஜிடி 610 வந்தது 2012-இல். உள்ளே இருப்பது ஃபெர்மி வகைச் சிப். அந்த வகைக்குக் கடைசி டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35. அதற்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால், பொருத்தமான ஹார்ட்வேர் இல்லை என்று இன்ஸ்டாலரே மறுத்துவிடும். இப்போது ஓடுவது எது என்று அறிய, டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் பக்கத்தைத் திறங்கள். 23.21.13.9135 என்று இருந்தால், கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுங்கள்: 39135, அதாவது 391.35.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிடி 630, ஜிடி 730 இரண்டும் ஒரே பெயரில் ஃபெர்மி சிப்போடும் வந்தன, அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப்போடும் வந்தன. பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் சிப்பைப் பார்த்துவிட்டு டிரைவரைத் தேடுங்கள்.

சரி, இனி வேலை. எண் சரியாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பழைய டிரைவரின் மிச்சமும் புதியதும் கலந்து கிடந்தாலும் இதே தொல்லை வரும். என்விடியா தளத்திலிருந்து 391.35-ஐயும், டிடியு எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெட் கேபிளைக் கழற்றுங்கள். இதை மறந்தால், நீங்கள் துடைத்த மறு நிமிடமே விண்டோஸ் தன் விருப்பப்படி ஒரு டிரைவரை இறக்கிவிடும். சேஃப் மோடில் டிடியுவை ஓட்டிப் பழையதை முழுக்க நீக்கி, ரீஸ்டார்ட் செய்து 391.35-ஐப் போடுங்கள். கஸ்டம் முறையில் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் போதும். நெட்டை மாட்டும் முன், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் ‘நோ’ கொடுங்கள்.

அதற்குப் பிறகும் திரை கறுத்தால் கேபினெட்டைத் திறங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கார்டை உருவி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். சின்ன விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். தூசியில் இறுகியிருந்தால் சூடேறித்தான் கார்டு திணறுகிறது. கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, சுத்தமாக டிரைவர் போட்ட பின்னும் டிவைஸ் மேனேஜர் கோட் 43 என்ற பிழை எண்ணைக் காட்டினாலோ கார்டின் ஆயுள் முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் உடனே புதுக் கார்டு வாங்காதீர்கள். உங்கள் பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டுங்கள். டிடிபி வேலைக்கு அதுவே தாராளம்.