தக்காளிப் பூ கொட்டுகிறதா? உரக்கடைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் செம்மண் இடம் இருக்கிறது. தை கடைசியில் தக்காளி, மிளகாய், வெண்டை போட்டோம். செடியெல்லாம் நன்றாக வந்துவிட்டது. ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து தக்காளிப் பூ காம்போடு உதிர்கிறது, பத்துக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. மிளகாய் இலையும் சுருண்டிருக்கிறது. உரக்கடையில் மூன்று பாட்டில் கொடுத்து, ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். 1,150 ரூபாய் ஆயிற்று. அடித்தும் பூ கொட்டுவது நிற்கவில்லை. சத்துக் குறைவா? இன்னொரு முறை அடிக்கலாமா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: அடிக்காதீர்கள். செடி நன்றாக வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செடிக்குச் சத்துக் குறைவு இல்லை. வெயில்தான் காரணம்.

தக்காளிப் பூவின் காம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் முட்டி போல ஒரு சின்னக் கணு இருக்கும். மகரந்தம் சேராத பூவைச் செடி அந்தக் கணுவில்தான் கழற்றி விடுகிறது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 22, 23க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் மலடாகிவிடும். சேலத்தில் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் இதே கதைதான். இரவு சூடு தணியாத வரை எந்த பாட்டிலாலும் மலட்டு மகரந்தத்தை உயிர்ப்பிக்க முடியாது.

உங்களுக்குக் கொடுத்த மூன்றும் என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஒன்று ‘டானிக்’, ஒன்று ‘பூ நிற்கும் மருந்து’, ஒன்று பூச்சிமருந்து. பூ நிற்கும் மருந்து என்பது பெரும்பாலும் என்.ஏ.ஏ. என்கிற வளர்ச்சி ஊக்கி. 4.5 சதவீதக் கரைசல் என்றால் 1 மில்லியை நாலரை லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். 10 லிட்டர் டேங்குக்கு இரண்டு மில்லியும் சொச்சமும்தான். கடையில் சொல்வதோ ‘ஒரு மூடி ஊத்துங்க’. ஒரு மூடியில் 5 மில்லிக்குக் குறையாது. அளவு மிஞ்சினால் இதே மருந்து பூவை உதிர்க்கும்! ஆப்பிளில் அதிகப்படியான பிஞ்சைக் கழிக்கவும் இதைத்தான் தெளிக்கிறார்கள்.

பூச்சிமருந்தை பூத்த செடியில் காலையில் அடித்தால் தேனீயும் வராது. மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து வெயிலில் அடித்தால் இலை விளிம்பு கருகும். பிறகு அந்தக் கருகலுக்கு நான்காவது பாட்டில் கொடுப்பார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வருகிறது. பூச்சிமருந்து விற்பவருக்குப் படிப்புத் தகுதி வேண்டும், பில் தர வேண்டும், லேபிளில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும் என்று எல்லாமே சட்டத்தில் இருக்கிறது. உரிமம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், கவுண்டரில் நிற்பது பத்தாவது முடித்த பையன். கேட்பாரில்லை. ‘டானிக்’ வகைகளை 2021ல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள், அந்த ஆணையே 1985ஆம் வருடத்தியது. அத்தனை வருடம் யார் எதை பாட்டிலில் ஊற்றி விற்றாலும் ஏனென்று கேட்க வழியில்லாமல் இருந்தது. ஆகவே நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும். பெரிய கேனிலிருந்து மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். லேபிளில் நச்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் வீட்டுத் தோட்டத்துக்குள் அது வரவே கூடாது. மோனோகுரோட்டோபாஸ் என்று பெயர் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், காய்கறிக்கு அதை அடிப்பதற்கே தடை இருக்கிறது. ‘இயற்கை மருந்துதான், ஒண்ணும் ஆகாது’ என்று சொன்னால் லேபிளை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

ஏற்கெனவே அடித்த பூச்சிமருந்தின் லேபிளில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதுவரை அந்தச் செடிகளில் வெண்டை, மிளகாய் எதையும் பறித்துச் சமைக்காதீர்கள். லேபிளே இல்லையென்றால் இப்போது நிற்கும் காயைப் பறித்துப் புதைத்துவிட்டு, புதிதாகப் பிடிப்பதை மட்டும் எடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் தண்ணீர். காய்க்கும் வயதுத் தக்காளிக்கு உங்கள் செம்மண்ணில் செடிக்கு 2 முதல் 3 லிட்டர், காலை ஏழு மணிக்குள். விரலை முழுசாக மண்ணில் விட்டுப் பாருங்கள், நுனியில் ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக நிறுத்துவதுதான் மோசம். பூவும் கொட்டும், பிடித்த காயும் வெடிக்கும். வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பில் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டு, குளிர்ந்து வந்த பிறகு செடிக்குக் காட்டுங்கள். மாடித் தொட்டித் தண்ணீரை மாலை மூன்று மணிக்குத் திறந்துவிடுவதும் வேரை அவிப்பதுதான்.

அடுத்தது மூடாக்கு. கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த இலை எது கிடைத்தாலும் நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், ஒட்டினால் தண்டு அழுகும். தேங்காய் நார்த்தூள் போடுவதாக இருந்தால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அலசாவிட்டால் உப்பு நிற்கும்.

நிழல்வலை வாங்கப் போனால் வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலையைத் தலையில் கட்டுவார்கள். அது நாற்றங்காலுக்கும் அலங்காரச் செடிக்கும் உரியது. காய்கறிக்கு அதைக் கட்டினால் செடி நெடுநெடுவென ஓடும், பூவே வராது. 35 சதவீதம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் 50. எட்டடி உயரத்தில், மேற்குப் பக்கம் சரிவாகக் கட்டுங்கள். மத்தியான வெயிலைத்தான் தடுக்க வேண்டும், காலை வெயில் செடிக்கு வேண்டும். சுற்றிலும் மூடிவிட்டால் காற்றோட்டம் போய் உள்ளே இன்னும் சூடாகும்.

காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தை ஆள்காட்டி விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். மதில் சுவருக்குள் காற்று குறைவு, அதனால் உள்ள கொஞ்ச மகரந்தமும் விழாமல் நிற்கும். யூரியா, புண்ணாக்குக் கரைசல் இரண்டையும் நிறுத்துங்கள். இலைதான் செழிக்கும்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். வீட்டுத் தோட்ட அளவில் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. வேப்பெண்ணெய் 5 மில்லியை 2 மில்லி சோப்புக் கரைசலில் முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து, மாலை ஐந்துக்குப் பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். முதலில் ஒரு செடியில் அடித்து ஒரு நாள் பாருங்கள். வாரத்துக்கொரு முறை, மூன்று முறை. சிலந்திப்பேனுக்குக் கந்தகம் அடிக்கச் சொல்வார்கள், இந்த வெயிலில் அது இலையைப் பொசுக்கும். நரம்பு மஞ்சளித்த வெண்டை, இலை சிறுத்துச் சுருங்கிய தக்காளி இரண்டும் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மத்தியானத்தில் தக்காளியின் அடியிலைகள் மட்டும் மேலே சுருண்டு தடித்திருந்தால் பயம் வேண்டாம், அது வெயிலுக்குச் செடி செய்யும் தற்காப்பு.

சத்து பாட்டில் வேண்டாம் என்றதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் பகுதிக்குப் பொருந்தாது, ஆனாலும் சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. செட்டிச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம், மாமாங்கம், கருப்பூர் என்று மாக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் பகுதியைச் சுற்றிய மண்ணில் மக்னீசியம் ஏகத்துக்கும் இருக்கும், கால்சியம் அதற்கு ஈடாக இருக்காது. மற்ற இடங்களில் தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுந்தால் தண்ணீரை ஒழுங்குபடுத்தினாலே நின்றுவிடும். இங்கே தண்ணீர் ஒழுங்காக இருந்தும் கறுக்கலாம். மக்னீசியம் முண்டியடித்துக்கொண்டு வேருக்குள் போய்விடுவதால் கால்சியத்துக்கு இடம் கிடைப்பதில்லை. இவர்கள் நடுமுன் குழிக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் கலக்கலாம், பூக்கும்போது இன்னொரு கைப்பிடி செடியைச் சுற்றித் தூவித் தண்ணீர் விடலாம். சுண்ணாம்பு வேண்டாம், அந்த மண் ஏற்கெனவே காரம். ‘எப்சம் சால்ட் போட்டால் செடி பச்சையாகும்’ என்று செல்போனில் வரும் வீடியோவைப் பார்த்து இந்தப் பகுதிக்காரர்கள் வாங்கிப் போடவே கூடாது. எப்சம் சால்ட் என்பதே மக்னீசியம்தான், நோயைக் காசு கொடுத்து வாங்குகிற வேலை. சந்தேகம் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரை அடி ஆழத்தில் ஐந்தாறு இடத்தில் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ கொண்டுபோங்கள். சித்திரையிலேயே கொடுத்துவிடுங்கள். மண் பரிசோதனை முடிவெல்லாம் நடவு முடிந்த பிறகு வந்து சேர்வது நம் ஊர் வழக்கம்.

இருக்கிற தக்காளிச் செடியைப் பிடுங்க வேண்டாம். கோடை மழை இரண்டு பெய்து இரவு குளிர்ந்தால் அதே செடி காய்க்கும். காலியிடத்தில் வெயில் தாங்குகிறவற்றைப் போடுங்கள்: கொத்தவரை, தட்டக்காய், பீர்க்கு, புடலை, தண்டுக்கீரை. கொத்தவரைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, விதைக்கு விதை அரை அடி. ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் பீன்ஸ் காய்க்கிறதே என்று விதை வாங்கி வராதீர்கள். அது 1,500 மீட்டர் உயரம், இங்கே அடிவாரம்.

அடுத்த தக்காளிக்கு ஆனியில் விதை விட்டு, 25 நாள் நாற்றை ஆடியில் நடுங்கள். நாற்றுப் பெட்டியின் மேல் அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலை போர்த்துங்கள். கொசுவலை போதாது, அதன் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழைந்துவிடும்.