சதுரங்கத்தில் இந்திய அணிக்கு எப்படித் தேர்வாகிறார்கள்? வெளிநாட்டுப் போட்டிகளுக்கு யார் அனுப்புகிறார்கள்?

மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய உங்கள் 9 வயது மகள் இந்தியாவுக்காக ஆட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டில் இந்தியாவுக்காக ஆடவைத்துவிடுவோம்’ என்று ஒரு பயிற்சி மையத்தில் உறுதி சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். என் மகள் 7 வயதிலிருந்து ஆடுகிறாள். இப்போது அவளுக்கு 15. ஏறக்குறைய இதே வாக்குறுதியை நம்பி நானும் ஒருமுறை பணம் கட்டியிருக்கிறேன்.

வெளிநாட்டில் ஆடுவது வேறு, இந்தியாவுக்காக ஆடுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உலகம் முழுவதும் ஓப்பன் போட்டிகள் நடக்கின்றன. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அடையாள எண், பாஸ்போர்ட், விசா, நுழைவுக் கட்டணம் ஆகியவை இருந்தால் பெரும்பாலான ஓப்பன் போட்டிகளில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அங்கேயும் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மூவர்ணக் கொடி இருக்கும். அந்தக் கொடியைப் படம் எடுத்துத்தான் ‘எங்கள் மாணவி இந்தியாவுக்காக ஆடினாள்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். என் மகள் 10 வயதில் அப்படி ஒரு போட்டிக்குப் போனாள். நல்ல ஆட்டங்கள் ஆடினாள், நிறையக் கற்றுக்கொண்டாள். ஆனால் என் நான்கு மாதச் சம்பளம் போனது எதற்கு என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. புரிந்தே போயிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

இந்தியாவின் பிரதிநிதியாக ஆட வேண்டுமென்றால் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு உங்கள் மகளின் பெயரை அனுப்ப வேண்டும். சிறுவர் பிரிவில் அதற்கான பாதை மாவட்டத்தில் தொடங்குகிறது. மாவட்டத் தேர்வுப் போட்டியில் முன்னிலை பெற்றவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மாநிலத்தில் முதல் சில இடங்களைப் பிடிப்பவர்கள் தமிழ்நாட்டின் சார்பில் தேசியப் போட்டிக்குப் போவார்கள். எத்தனை பேர் என்பது அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கும். தேசியப் போட்டியில் முன்னணியில் முடிப்பவர்களைத்தான் கூட்டமைப்பு அடுத்த ஆண்டு உலக, ஆசிய, காமன்வெல்த் போட்டிகளுக்கு அனுப்புகிறது. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் மகள் பரிசு வாங்கியது மாவட்டச் சங்கம் நடத்திய தேர்வுப் போட்டியிலா, அல்லது ஒரு பள்ளியோ மன்றமோ நடத்திய பரிசுப் போட்டியிலா? இரண்டாவது என்றால் கோப்பை வீட்டில் இருக்கும், மாநிலப் போட்டிக்கு வழி திறக்காது.

வயதுக் கணக்கு பல பெற்றோருக்குப் புதிராக இருக்கிறது. தேசியப் போட்டிகள் 7, 9, 11, 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று ஒற்றைப்படையில் நடக்கின்றன. உலகப் போட்டிகளோ 8, 10, 12, 14, 16, 18 என்று இரட்டைப்படையில் நடக்கின்றன. இந்த ஆண்டு 9 வயதுப் பிரிவில் தேசிய அளவில் வென்ற குழந்தை, அடுத்த ஆண்டு உலகப் போட்டிக்குப் போகும்போது ஒரு வயது கூடி 10 வயதுப் பிரிவில் சரியாகப் பொருந்தும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வயது கணக்கிடப்படுவது ஜனவரி 1-ஆம் தேதியை வைத்து. அதனால் ஜனவரியில் பிறந்த குழந்தையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே பிரிவில் உட்காரும். என் மகள் டிசம்பரில் பிறந்தவள். 7 வயதுப் பிரிவில் 11 மாத மூப்பு எவ்வளவு பெரிது என்பதை எதிரே உட்கார்ந்த பிள்ளைகளின் நிதானத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். 13 வயதுக்கு மேல் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. உங்கள் மகளும் ஆண்டின் பின்பகுதியில் பிறந்தவள் என்றால், இப்போதைய இடத்தை வைத்து அவளை எடைபோட்டுவிடாதீர்கள்.

மாநிலப் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் வலித்தது அங்கேதான். இந்தப் போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆடுவார்கள், சுற்றுகளோ ஒன்பது, பதினொன்றுதான். ஆகவே தேர்வு இடத்துக்கு அருகில் ஐந்தாறு பேராவது ஒரே புள்ளியில் நிற்பார்கள். அவர்களைப் பிரிப்பது டை பிரேக். அதில் முக்கியமானது புக்கோல்ஸ். நீங்கள் மோதிய எதிராளிகள் அனைவரும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற கூட்டுத்தொகை அது. என் மகள் 11 வயதுப் பிரிவில் கடைசிச் சுற்றை வென்று துள்ளிக்கொண்டு வந்தாள். சுவரில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் தேர்வுக் கோட்டுக்கு ஒரு வரி கீழே இருந்தது. முதல் இரண்டு சுற்றுகளில் அவளிடம் தோற்ற சிறுமிகள் அதன்பிறகும் தோற்றுக்கொண்டே போயிருந்தார்கள். அவளுக்கு மேலே இருந்த சிறுமியோ தொடக்கத்திலேயே பலமானவர்களைச் சந்தித்திருந்தாள். யாரும் தவறு செய்யவில்லை. விதி அப்படி. ஆனால் நான்காம் சுற்றில், நல்ல நிலையில் இருந்தும் களைப்பால் டிரா கேட்டு இழந்த அந்த அரைப் புள்ளி இருந்திருந்தால் புக்கோல்ஸின் பேச்சே எழுந்திருக்காது. பேருந்தில் திரும்பும்போது திருச்சி வரை அவள் பேசவில்லை. பிறகு, “அப்பா, அந்த ஆட்டத்தில் யானையை ஏழாம் வரிசைக்குக் கொண்டுபோயிருக்கலாம்” என்றாள். அன்றிலிருந்து அவள் தானாக டிரா கேட்பதில்லை.

மாநிலத் தேர்வில் இடம் கிடைக்காதவர்கள் ஸ்பெஷல் என்ட்ரியாகக் கூடுதல் கட்டணம் கட்டித் தேசியப் போட்டியில் ஆட வழி உண்டு. அங்கே முதல் சில இடங்களைப் பிடித்தால் நீங்கள் எந்த வழியில் வந்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வசதி இருந்தால் இதில் தயங்க வேண்டாம்.

உலகச் சிறுவர் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் அதிகாரபூர்வ இடம் உண்டு. அந்தக் குழந்தையின் தங்குமிடமும் சாப்பாடும் போட்டி நடத்துபவர்களின் பொறுப்பு. அதற்கு மேல் நாடு அனுப்பும் பிள்ளைகள் தங்கள் செலவில் போக வேண்டும். அவர்களுடைய பெயரும் கூட்டமைப்பின் வழியாகத்தான் போகிறது, பதக்கம் வென்றால் அதே மதிப்புத்தான். செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியவர்களின் இந்திய அணி வேறு கணக்கு. நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேர் ஆடுவார்கள், யாருக்கு ஓய்வு என்பதை அணித் தலைவர் முடிவு செய்வார். இங்கே தேர்வுப் போட்டி எதுவும் இல்லை. கூட்டமைப்பு பெரும்பாலும் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் ஃபிடேயின் எண், வரிசையைப் பார்த்துத்தான் பெயர்களை முடிவு செய்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்தபோது, போட்டியை நடத்தும் நாடு என்பதால் நமக்குக் கூடுதல் அணிகளை இறக்க முடிந்தது. குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரோனக் சத்வானி ஆகியோர் இருந்த ‘பி’ அணி தரவரிசையில் 11-ஆம் இடத்தில் தொடங்கி வெண்கலம் வென்றது. ‘ஏ’ அணிக்குப் பதக்கம் இல்லை. அந்த நாள்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு மாமல்லபுரம் போயிருந்தேன். முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற குகேஷை அவள் கண்ணாலேயே பார்த்தாள். இரண்டே ஆண்டில், 2024-இல் புடாபெஸ்டில், குகேஷும் பிரக்ஞானந்தாவும் இந்தியாவின் முதன்மை அணியில் இருந்தார்கள். ஆண், பெண் யாரும் ஆடக்கூடிய ஓப்பன் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் நமக்குத் தங்கம்.

அப்படியானால் ரேட்டிங்தான் நீண்ட காலத்துக்கான சாவி. முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். கணக்கிட்டு வரும் எண் 1400-க்குக் குறையக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும்வரை, ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்யும் பெருக்கு எண் 40. சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். பெரியவர்களுக்கு இது பாதியாகக் குறைகிறது. ஆகவே பிள்ளைகளின் ரேட்டிங் ஊஞ்சல்போல ஆடத்தான் செய்யும். ஒரு மாதப் பட்டியலைப் பார்த்து வீட்டில் முகம் சுளிக்காதீர்கள். நான் சுளித்தேன், அதை அவள் இன்றும் மறக்கவில்லை.

கிராண்ட் மாஸ்டர் வைஷாலியின் பாதையை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். மேலே சொன்ன எல்லா வாசல்களும் அதில் இருக்கின்றன. 2012-இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் உலகப் பட்டம், 2015-இல் 14 வயதுப் பிரிவுப் பட்டம்: இவை வயதுப் பிரிவில் வந்தவை. 2022-இல் மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற மகளிர் அணியிலும், 2024-இல் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். சதுரங்கத்தின் உயரிய பட்டமான கிராண்ட் மாஸ்டருக்குத் தேவையான 2500 ரேட்டிங்கை 2023 டிசம்பரில் ஸ்பெயினில் ஓர் ஓப்பன் போட்டியில் கடந்தார். அங்கே யாரும் அவரை இந்தியாவுக்காக அனுப்பவில்லை. அந்தப் பட்டத்துக்கு மூன்று நார்ம்களும் வேண்டும்; ஒரு போட்டியில் கிராண்ட் மாஸ்டர் அளவுக்கு ஆடியதற்கான தகுதிதான் நார்ம். பொதுவாக ஒவ்வொரு நார்மிலும் பிற நாட்டு வீரர்களோடும் போதிய எண்ணிக்கையில் கிராண்ட் மாஸ்டர்களோடும் மோதியிருக்க வேண்டும். நம் வீரர்கள் ஐரோப்பாவுக்குப் பறந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். வெளிநாட்டு ஓப்பன் போட்டிகளை நான் பழிக்கவில்லை. 2000-க்கு மேல் ரேட்டிங் வந்த பிறகு அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு, 10 வயதில் கொடிக்காகப் போவதில் இல்லை என்பதுதான் என் அனுபவம்.

உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு எப்படிப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே எட்டே இடங்கள். நாடு யாரையும் பரிந்துரைக்க முடியாது, ஒவ்வொருவரும் தாமாக வென்று வர வேண்டும். 2024-இல் டொராண்டோவுக்குப் பிரக்ஞானந்தா உலகக் கோப்பையின் வழியாகவும், விதித் குஜராத்தி கிராண்ட் சுவிஸ் என்ற போட்டியின் வழியாகவும் போனார்கள். மகளிர் கிராண்ட் சுவிஸை வென்று வைஷாலி மகளிர் பிரிவுக்குப் போனார். ஆண்டு முழுவதும் ஆடிய போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் ஃபிடே சர்க்யூட்டில் அந்த முறை ஓர் இடமும், ரேட்டிங்கில் ஓர் இடமும் இருந்தன. குகேஷ் வந்தது சர்க்யூட் வழியாக. ஆண்டு முடியப் போகிறது, அந்த இடத்துக்கு நெதர்லாந்து வீரர் அனிஷ் கிரியோடு இழுபறி. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவில் சென்னையில் அவசரமாக ஏற்பாடான கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 7 சுற்றில் தலா 4.5 எடுத்தார்கள். டை பிரேக்கில் முதலிடம் குகேஷுக்கு. அந்த முதலிடம் அவரை டொராண்டோவுக்குக் கொண்டுபோனது. அங்கே வென்றவர் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். டை பிரேக் என்று கேட்டாலே முகம் வாடும் என் மகளுக்கு இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இனி உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை. இந்த ஆண்டுக்கான வீராங்கனைப் பதிவை மாநிலச் சங்கத்தின் வழியாக முடித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தேசியப் போட்டியில் இடம் கிடைத்த பிறகு இதைத் திருத்த அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மாவட்டச் சங்கத்தின் தேர்வுப் போட்டி பெரும்பாலும் குறுகிய அவகாசத்தில் அறிவிக்கப்படும். அதன் செயலாளரின் அறிவிப்புக் குழுவில் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெண்பிள்ளை என்பதால் சொல்கிறேன். அவள் சிறுமியர் பிரிவில் மட்டுமே ஆட வேண்டும் என்று கட்டாயம் இல்லை; ஓப்பன் பிரிவிலும் ஆடலாம். தேர்வுப் போட்டியில் சிறுமியர் பிரிவு, மற்ற வாரங்களில் பெரியவர்களும் ஆடும் ரேட்டிங் போட்டி என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். வரும் ஞாயிற்றுக்கிழமைகூட நாமக்கல்லில் ஒரு போட்டி இருக்கிறது. முதல் சுற்றில் தன்னைவிட 300 ரேட்டிங் அதிகம் உள்ள ஒருவர் வருவார் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.