இருவாச்சி, பறக்கும் ஓணான், பன்றிமூக்குத் தவளை: வாசகர் கேள்வி பதில்

வால்பாறைக்குப் போயிருந்தபோது, "ஆண் இருவாச்சி பெண்ணைப் பொந்துக்குள் வைத்து அடைத்துவிடும்" என்று சொன்னார்கள். நிஜமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

அடைத்துக்கொள்வது பெண் பறவைதான். தானே மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் தின்ற பழத்தின் மிச்சத்தையும் வாசலில் பூசிப் பூசி, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். முட்டை ஒன்றோ இரண்டோதான். ஆனால் அடைகாக்கவே ஏறத்தாழ 40 நாள் ஆகும், அப்புறமும் குஞ்சு ஓரளவு வளரும்வரை தாய் வெளியே வராது. உள்ளே இருக்கும்போதே இறக்கைச் சிறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடுவதால், நினைத்தாலும் பறந்துவிட முடியாது. அத்தனை நாளும் ஆண்தான் அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். அந்தச் சமயத்தில் ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருப்பவையும் பட்டினிதான். இன்னொன்று, இருவாச்சிக்கு மரங்கொத்தி மாதிரி பொந்து குடையத் தெரியாது, தானாக உண்டான பெரிய பொந்து வேண்டும். அது வயதான பெருமரத்தில்தான் கிடைக்கும். பொந்து விழுந்த மரம்தானே, எதற்கும் உதவாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பறக்கும் ஓணான் உண்மையிலேயே பறக்குமா?
– ஒரு மாணவர், தென்காசி

பறக்காது, சறுக்கிக்கொண்டு இறங்கும். நீண்ட விலா எலும்புகளை விரித்தால் நடுவில் இருக்கும் தோல் விசிறி மாதிரி விரியும், அதை வைத்து மரம்விட்டு மரம் போய்விடும். பெண் முட்டையிட மட்டும் தரைக்கு வரும்.

பன்றிமூக்குத் தவளை மண்ணுக்குள்ளேயே இருந்து எதைத் தின்னும்? தமிழ்நாட்டில் உண்டா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

கறையான்தான் சாப்பாடு. பின்னங்காலால் மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கிவிடும், ஆண்டில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். மகாபலியும் ஓணத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறைதானே வருகிறார், அதனால் கேரளத்தில் இதை மாவேலித் தவளை என்கிறார்கள். 2003இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. இதன் நெருங்கிய சொந்தம் எங்கே தெரியுமா, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து உறவு.

தமிழ்நாட்டில் தேட நீங்கள் தூரம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017இல் இதன் இன்னொரு இனத்தை விவரித்து, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வந்தால், இது வடகிழக்குப் பருவமழைக்கு வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் தலைப்பிரட்டை. வாய் உறிஞ்சான் மாதிரி இருக்கும், வேகமாக ஓடும் தண்ணீரிலும் பாறையை அப்படியே கவ்விக்கொள்ளும். ஓடையை மறித்துத் தண்ணீரைத் தேக்கிவிட்டால் அது பிழைக்கிற இடமே முங்கிப்போகும். மலை ஓடையில் தடுப்பணை வருகிறது என்று கேட்டாலே எனக்குப் பகீரென்கிறது.