தூக்கமில்லாமல் டீம் முன்னால் போய் நிற்கும்போது

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட டீமுக்கு லீடராக இருக்கிறேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டு இரவாகத் தூக்கமே இல்லை. லீவு போடவும் முடியாது. சாதாரணமாகக் காட்டிக்கொள்வதா, சொல்லிவிடுவதா?

பதில்: சொல்லிவிடுங்கள். ஆனால் 'டயர்டாக இருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார்கள், அவ்வளவுதான். காலையிலேயே குரூப்பில் இப்படிப் போடுங்கள்: "இரண்டு நாளாகத் தூக்கமில்லை. 11 மணி மீட்டிங்குக்கு வருவேன். ரிப்போர்ட்டை இன்று பார்க்க முடியாது, நாளை மதியத்துக்குள் தருகிறேன். அவசரமென்றால் போன் செய்யுங்கள்." வீட்டு விவரம் தேவையில்லை.

உங்கள் கணிப்பை இன்று முழுதாக நம்பாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று நமக்குத் தோன்றும், வம்பே அதுதான். பணம் அனுப்புவது, ஃபைல்களை அழிப்பது, வாடிக்கையாளருக்கு விலை சொல்வது போன்ற திருத்த முடியாத வேலைகளை இன்னொருவர் பார்த்த பிறகே முடியுங்கள். 'கொஞ்சம் பாருங்க' என்றால் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். 'தொகையையும் அக்கவுண்ட் நம்பரையும் வாசித்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

எரிந்து விழவும் வாய்ப்பு அதிகம். யாரையாவது கண்டிக்க வேண்டுமானால் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் அலாரம் வைத்து 20 நிமிடம் கண் அயருங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழுந்தபின் மந்தமாக இருக்கும். படுக்கும் முன் காபி குடித்தால், எழும் நேரத்தில் அது வேலையைத் தொடங்கும். மாலையில் மட்டும் வேண்டாம். ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி காஃபீன் உடம்பில் இருக்கும். குழந்தை தூங்கினாலும் நீங்கள் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள்.

கேள்வி: காய்ச்சலும் இருமலும் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: கூடாது. மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும். தொற்று அப்படியே இருக்கும். ஃப்ளூ என்றால் முதல் 3 நாட்களில்தான் அதிகம் பரவும். உங்களால் நான்கு பேர் படுத்தால் டீமுக்கு என்ன லாபம்? மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்த பிறகு போங்கள். அதுவரை எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, ஃபைல் எங்கே இருக்கிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று வீட்டிலிருந்தே நாலு வரி எழுதி அனுப்பிவிட்டுப் படுங்கள்.