சேஸிஸ் துளைகளை அடைக்க வேண்டாம்

பிக்கப் வண்டியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், உள்ள துளைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்தால் சேறும் துருவும் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். அடிப்பக்கத் துளைகள் தண்ணீர் வடிவதற்காக இருப்பவை. மூடினால் உள்ளே ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே துரு அரிக்கும்.

சேறு காய்வதற்குள் ஒவ்வொரு துளையிலும் ஹோஸை விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். பின்சக்கர அச்சுப் பக்கமும் குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளிலும்தான் மண் அதிகம் அடையும், அங்கே அவசரப்படாதீர்கள். அப்புறம் நன்றாகக் காயவிட்டு, நீளக் குழாய் உள்ள ஸ்பிரேயால் உட்புறம் மெழுகுப் பூச்சோ லானோலினோ (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) அடியுங்கள். பிரேக் டிஸ்க், சைலன்சர் மேல் படக்கூடாது.

துருவின் மேலேயே கெட்டியான ரப்பர் அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கப் பூச்சு) அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதன் அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால், பூச்சை விட்டுவிட்டு முதலில் நல்ல வெல்டரிடம் காட்டுங்கள்.