ஐந்தடிக் காயாவை வாங்காதீர்கள்

கேள்வி: மரக்காணம் பக்கம் 40 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. எங்கள் அய்யனார் கோயில் காட்டில் நீலமாகப் பூக்கும் செடியை அங்கே வளர்க்க ஆசை (படம் இணைத்துள்ளேன்). அதே செடி, ஐந்தடி உயரத்தில், 1,500 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: படத்தில் இருப்பது காயாதான். காசான் என்றும் சொல்வார்கள். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடியது இந்த நீலத்தை வைத்துத்தான். இலைகள் எதிரெதிராக, தோல்போலத் தடித்திருக்கும். நடு நரம்பு தெரியும், பக்க நரம்பைத் தேட வேண்டும். இலை உதிர்ந்த பழைய கணுக்களில் பூ கொத்தாக அப்பியிருக்கும்.

விற்பவர் நாவல் கன்றைக் காட்டி ஏமாற்றலாம். இலையைக் கசக்குங்கள்: நாவல் மணக்கும், காயா மணக்காது. இதிலும் ஒரு சிக்கல். முற்றிக் காய்ந்த நாவல் இலை அவ்வளவாக மணக்காது, அதனால் இளசாகக் கிள்ளுங்கள். அதற்கு முன் கையைக் கழுவுங்கள். எலுமிச்சை பறித்த கையோடு கசக்கிவிட்டு, காயாவும் மணக்கிறதே என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

சரி, காயாவேதான் என்றாலும் வாங்காதீர்கள். ஆமை வேகத்தில் வளரும் செடி இது. ஐந்தடி வரும்வரை பையில் வைத்து எந்த நர்சரிக்காரர் தண்ணீர் ஊற்றுவார்? காட்டில் தோண்டியதாகத்தான் இருக்கும். காப்புக்காட்டில், அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காட்டில், தோண்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். வேர் அறுபட்ட செடி சில வாரம் பச்சை காட்டும், பணம் கைமாறியதும் காயும். இப்படித் தோண்டி விற்பவர்களை வளர்த்துவிட்டதே, உயரம் கேட்டு மரக்கன்று வாங்கும் டெண்டர்கள்தான். ‘ஆறடிக் கன்று’ என்று எழுதினால் வேகமாக வளரும் தூங்குமூஞ்சி மரம்தான் வரும், காட்டில் தோண்டாமல் காயா எப்படி வரும்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் செம்மண் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. பூசாரியிடம் கேட்டு, கறுத்துப் பழுத்த பழம் ஒரு கைப்பிடி எடுங்கள். சதையைப் பிசைந்து கழுவி, விதையை அன்றைக்கே பையில் ஊன்றுங்கள். காயவைத்து டப்பாவில் போட்டால் முளைப்புத்திறன் போய்விடும். பை மண்ணில் மக்கிய இலைச்சருகு கலந்தால் நல்லது. கன்று தேறியதும் ஐப்பசி மழையில் நட்டு, முதல் இரண்டு கோடைக்கு ஓலை நிழல் கொடுங்கள். பழம் கிடைக்காவிட்டால், ஆரோவில்லில் உலர் பசுமைமாறாக் காட்டுச் செடிகளை (மழை குறைந்தாலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் காட்டின் செடிகளை) வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு சாண் கன்று போதும்.